ஒட்டிய காரை ஓட்டலாமா?

ஒட்டுவது வேறு, ஓட்டுவது வேறு. ஓர் எழுத்து குறிலிலிருந்து நெடிலானால் பொருளே மாறிவிடும் என்று தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால், இன்று சாலையில் ஓடும் பல கார்களில் இந்த இரண்டு சொற்களும் ஒன்று சேர்ந்துவிட்டன. அந்தக் கார்களை ஓட்டுகிறவர்கள், ஒட்டிய காரைத்தான் ஓட்டுகிறார்கள்.

வானொலியில் ஒரு நாள் காலை இதை ஒரு நிமிடத் துணுக்காகச் சொன்னேன். "சில கார்களின் உடற்கூட்டை வெல்டிங் செய்வதில்லை; பசையாலும் ரிவெட்டாலும் இணைக்கிறார்கள்" என்பதுதான் நான் சொன்னது. அடுத்த பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் நேயர்களின் கேள்விகள் வந்து குவிந்தன. "பசை போட்ட காரில் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?" என்றார் ஒரு தாய். "மோதினால் பிய்ந்து போகாதா?" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். "அந்தக் கார் அடிபட்டால் யார் சரி செய்வது?" என்றார் இன்னொருவர்.

மூன்றுமே நியாயமான கேள்விகள். ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாதவை. அதனால்தான் இந்தக் கட்டுரை. மூன்றாவது கேள்விதான் நம் பணப்பையையும் உயிரையும் நேராகத் தொடுவது என்பதைப் படித்துக்கொண்டே வரும்போது நீங்களே உணர்வீர்கள்.

சட்டியின் கைப்பிடியைப் பாருங்கள்

முதலில் சமையலறைக்குப் போவோம். வீட்டில் பழைய அலுமினியச் சட்டி இருந்தால் அதன் கைப்பிடியைக் கவனியுங்கள். கைப்பிடி சட்டியோடு சேரும் இடத்தில் இரண்டு மூன்று உருண்டைத் தலைகள் தெரியும். அவைதான் ரிவெட். அம்மா அந்தச் சட்டியில் எத்தனை ஆண்டுகள் சமைத்திருப்பார்! அடுப்புச் சூட்டையும் தேய்ப்பையும் கீழே விழும் அடியையும் தாங்கிக்கொண்டு அந்தக் கைப்பிடி இன்னும் நிற்கிறது.

அடுத்து விமான நிலையம். கேஎல்ஐஏவில் விமானம் ஏறி இறக்கைக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் வெளியே பாருங்கள். இறக்கைத் தகடுகளில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். அவையும் ரிவெட் போன்ற பிணைப்பான்கள்தாம். போயிங் 747-400 விமானத்தில் சுமார் 60 லட்சம் பாகங்கள் உண்டு. அவற்றில் பாதி வெறும் பிணைப்பான்கள் என்று போயிங் நிறுவனமே சொல்கிறது. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் நம்மைத் தூக்கிச் செல்லும் அலுமினிய உடல், பெரும்பாலும் வெல்டிங்கை நம்பி நிற்கவில்லை.

ஆக, வெல்டிங் இல்லாமல் உலோகத்தை இணைப்பது புதிய தந்திரம் அல்ல. சட்டிக்கும் விமானத்துக்கும் பழகிய முறை, காருக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

அலுமினியம் ஏன் அடம்பிடிக்கிறது?

நாம் பார்த்து வளர்ந்த கார்களின் உடல் இரும்புத் தகடு. சரியாகச் சொன்னால் எஃகு. தொழிற்சாலையில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு செம்பு முனைகளால் இறுக்கிப் பிடிப்பார்கள். பத்தாயிரம் ஆம்பியர் அளவிலான மின்சாரம் கண் இமைக்கும் நேரத்துக்குப் பாயும். தகடுகள் சந்திக்கும் இடம் மட்டும் உருகி, பொட்டு வைத்ததுபோல் ஒன்றாகும். இதுதான் ஸ்பாட் வெல்டிங். ஒரு சாதாரண எஃகுக் காரில் இப்படி நான்காயிரம், ஐந்தாயிரம் பொட்டுகள் இருக்கும். மலிவு, வேகம், நம்பகம் ஆகிய மூன்றும் கிடைப்பதால் இன்றும் உலகில் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

சிக்கல் எடையில் தொடங்கியது. எடை குறைந்தால் பெட்ரோல் செலவு குறையும், புகை குறையும், பிரேக் சீக்கிரம் பிடிக்கும். ஒரே அளவுள்ள எஃகுத் துண்டோடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கார் நிறுவனங்கள் அலுமினியத்தின் பக்கம் திரும்பின. ஆனால், எஃகுக்குச் சரியாக வந்த ஸ்பாட் வெல்டிங்குக்கு அலுமினியம் எளிதில் இணங்கவில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, அலுமினியம் மின்சாரத்தையும் சூட்டையும் எஃகைவிட மிக வேகமாகக் கடத்தும். ஓரிடத்தில் சூட்டைத் தேக்கி வைப்பது கடினம். அதனால் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் தேவை. செம்பு முனைகளும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இரண்டாவது, அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். உள்ளே இருக்கும் அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். மேலே இருக்கும் படலம் உருகவோ 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். போர்வை அப்படியே இருக்க, உள்ளே இருப்பவர் தண்ணீராகிவிடும் கதை.

மூன்றாவது, காருக்குப் பயன்படும் பல அலுமினியக் கலவைகள் பக்குவமாகச் சூடேற்றிக் குளிர்வித்து வலிமை ஏற்றப்பட்டவை. மறுபடியும் கண்டபடி சூடு காட்டினால் அந்த இடத்தில் ஏற்றிய வலிமை கணிசமாக இறங்கிவிடும்.

அலுமினியத்தை அலுமினியத்தோடு சேர்ப்பதற்கே இத்தனை பாடு. அதை எஃகோடு உருக்கிச் சேர்த்தால், இடையில் உருவாகும் கலவை பிஸ்கட் போல நொறுங்கும். கார்பன் ஃபைபரை எடுத்துக்கொண்டால் பேச்சே இல்லை. அது உருகாது, கருகும். பல பொருள்களைக் கலந்து ஒரு காரைக் கட்ட வேண்டுமென்றால், சூடு இல்லாமல் இணைக்கும் வழி வேண்டும்.

துளை போடாமல் இறங்கும் ரிவெட்

சட்டிக் கைப்பிடிக்கு முதலில் துளை போட வேண்டும். பிறகு ரிவெட்டைச் செருகி அடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான துளைகளைப் போட்டு, அவற்றை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை கார் செய்ய முடியும்? அதற்காக வந்ததுதான் தானே துளைத்துக்கொள்ளும் ரிவெட்.

பார்ப்பதற்கு அது தலை தட்டையான, கால் பகுதி குழாய் போன்ற சிறிய எஃகு ஆணி. இயந்திரக் கை தகடுகளை இறுக்கிப் பிடித்து, நான்கைந்து டன் எடைக்கு ஈடான விசையில் அதை அழுத்தும். ரிவெட் மேல் தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கீழ்த் தகட்டுக்குள் நுழையும்போது அதன் கால், குடை விரிவதுபோல் வெளிப்பக்கம் விரிந்து கவ்விக்கொள்ளும். கீழ்த் தகட்டை அது முழுதாகத் துளைப்பதில்லை. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் புக வழியில்லை. தீப்பொறியும் புகையும் இல்லை; சூட்டால் உலோகம் பலமிழக்கும் பேச்சும் இல்லை.

2003ஆம் ஆண்டு மாடலாக வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கார். அதன் அலுமினிய உடலில் சுமார் 3,200 ரிவெட்டுகள். கூடவே ஏறக்குறைய 120 மீட்டர் நீளத்துக்குப் பசை. முந்தைய எஃகு உடலைவிடச் சுமார் 40 விழுக்காடு எடை குறைவு. ஆனால் முறுக்கினால் வளையாத விறைப்பு அதிகம்.

ரிவெட்டுக்கு உறவுக்காரர்களும் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கை எட்டும் இடத்தில் வேறொரு வகை திருகாணி. அது மிக வேகமாகச் சுழன்று, உராய்வுச் சூட்டில் உலோகத்தை இளக்கி, தனக்கான துளையையும் மரையையும் தானே செய்துகொண்டு இறங்கும். இன்னொரு முறையில் ஆணியே வேண்டாம். இரண்டு தகடுகளையும் அச்சில் வைத்து அழுத்தினால், சட்டைப் பித்தான்போல் ஒன்றுக்குள் ஒன்று பிதுங்கிப் பூட்டிக்கொள்ளும்.

பசையின் பலமும் பலவீனமும்

இனி முதல் நேயரின் கேள்விக்கு வருவோம். பசையை நம்பலாமா?

பசை என்றதும் பள்ளிப் பையில் இருக்கும் கோந்து நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். காரின் எலும்புக்கூட்டில் பயன்படுவது பெரும்பாலும் எப்போக்சி வகை. நன்றாக இறுகிய இந்தப் பசை, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், அதாவது உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில், பக்கவாட்டு இழுவையில் சுமார் 200 கிலோ வரை தாங்கக்கூடியது. கடையில் வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது மூட்டை, நகத்தளவு பசையில் தொங்குகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. வெல்டிங் பொட்டு வைத்த இடத்தில் மட்டுமே சுமை இறங்கும். பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் தகடு சும்மா இருக்கும். பசையோ கோடு முழுவதும் பிடித்திருக்கிறது. சுமை பரவுவதால் உடல் விறைப்பாகிறது, அதிர்வும் இரைச்சலும் குறைகின்றன. நம் ஊருக்கு முக்கியமான இன்னொரு வேலையையும் அது செய்கிறது. அலுமினியமும் எஃகும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது சின்ன பேட்டரி போலாகி அலுமினியத்தை அரித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பசை, திரைபோல் நின்று அதைத் தடுக்கிறது. ஆண்டு முழுவதும் மழையும் ஈரமும் கடற்காற்றும் உள்ள நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

பலவீனம் என்ன? காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரை நினைத்துப் பாருங்கள். அதைத் தோலோடு பக்கவாட்டில் இழுத்தால் வராது. ஒரு முனையை நகத்தால் நெம்பி உரித்தால் சர்ரென்று வந்துவிடும். காரில் போடும் பசைக்கும் அதே குணம். பக்கவாட்டு இழுவையில் மல்லன். ஓரத்திலிருந்து உரித்தால் பலவீனன். லாரி ஓட்டுநர் கேட்ட "பிய்ந்து போகாதா?" என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பொறியாளர்களுக்கு இந்தக் குணம் தெரியும். அதனால்தான் பசையைத் தனியாக விடாமல், உரிய வாய்ப்புள்ள இடங்களில் ரிவெட்டைக் காவலுக்கு வைக்கிறார்கள். மோதலில் ஓரம் உரியத் தொடங்கினால் ரிவெட் அதைப் பிடித்து நிறுத்தும்.

தொழிற்சாலையில் இந்த இருவருக்கும் இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. பல பசைகள் போட்டவுடன் இறுகுவதில்லை. சாயம் பூசிய உடலை 170, 180 டிகிரி சூட்டு அடுப்புக்குள் அனுப்பும்போதுதான் அவை இறுகும். அதுவரை தகடுகள் நகராமல் பிடித்து வைப்பது ரிவெட்டின் வேலை. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் இருவரும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

நம் கையில் இருந்த லோட்டஸ்

இந்தக் கதையில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் வியப்பாக இருக்கும்.

1996ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் எலீஸ் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் அடிக்கூடு, அச்சில் பிதுக்கிய அலுமினியச் சட்டங்களை எப்போக்சி பசையால் ஒட்டிச் செய்தது. ஓரங்கள் உரியாமலிருக்க அங்கங்கே சில ஆணிகள். அடிக்கூட்டின் எடை 68 கிலோதான். ஒரு பெரிய ஆளின் எடை!

அதே 1996இல்தான் நம் புரோட்டோன் நிறுவனம் லோட்டசின் 80 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் உள்ளே வரும்வரை, 21 ஆண்டுகள் லோட்டஸ் புரோட்டோனின் கையில் இருந்தது. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரின் பின்னால் லோட்டஸ் பெயர் இருந்ததைப் பார்த்து ஏங்கிய இளைஞர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை. டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டர். 2008இல் விற்பனைக்கு வந்தது. எலீசை அடிப்படையாகக் கொண்டு, அதே ஒட்டிய அலுமினிய முறையில் உருவான அதன் உடலை டெஸ்லாவுக்குச் செய்து கொடுத்தது லோட்டஸ். அப்போது அந்த லோட்டஸ், புரோட்டோனுக்குச் சொந்தம். 2018 பிப்ரவரியில் எலோன் மாஸ்க் தன் சொந்த ரோட்ஸ்டரை ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? இன்று சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கார், மலேசியர்களுக்குச் சொந்தமாக இருந்த தொழிற்சாலையில் உருவானது.

பிக்-அப் முதல் மின்சாரக் கார் வரை

இது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் மட்டும்தான் என்ற பேச்சை உடைத்தது ஃபோர்டு எஃப்-150. அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளியும் விவசாயியும் ஓட்டும் பிக்-அப் அது; அங்கே விற்பனையில் முதலிடம் பிடிக்கும் வாகனம். 2015 மாடலிலிருந்து அதன் உடலை ஃபோர்டு அலுமினியத்துக்கு மாற்றியது. ரிவெட்டும் பசையும் முக்கிய இணைப்புகளாயின. எடை அதிகபட்சம் 315 கிலோ அளவுக்குக் குறைந்தது.

2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 இன்னும் ஒரு படி மேலே போனது. பயணிகள் அமரும் கூடு கார்பன் ஃபைபர். அதன் பாகங்கள் பசையால் ஒட்டப்பட்டவை. அதைச் சுமக்கும் கீழ்ப்பகுதி அலுமினியம். 2017இல் அறிமுகமான ஆடி ஏ8 காரில் அலுமினியம், எஃகு, மெக்னீசியம், கார்பன் ஃபைபர் என நால்வகைப் பொருள்கள். அவற்றை இணைக்க 14 வகை முறைகள். அவற்றில் வெல்டிங்கும் உண்டு, வெல்டிங் அல்லாதவையும் உண்டு.

மின்சாரக் கார்கள் பெருகப் பெருக இந்தப் போக்கும் வளரும். பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ எடை. அந்தச் சுமையை ஈடுகட்ட உடலில் எங்காவது எடையைக் குறைத்தாக வேண்டும். பேட்டரியை ஏந்தும் பெட்டியே பல கார்களில் அலுமினியம்தான்.

கிள்ளான் பட்டறையில்

தொழிற்சாலையில் இயந்திரக் கைகள் இருக்கின்றன. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோதிய காரைச் சரி செய்வது மனிதக் கை. அந்தக் கையைத் தேடிக் கிள்ளானுக்குப் போனேன். முப்பது ஆண்டுகளாகக் கார் தகடு தட்டும் தொழிலில், அதாவது நாம் 'கெத்தோக்' என்று சொல்லும் வேலையில், இருக்கும் ஓர் அண்ணனின் பட்டறை.

"வா தங்கச்சி, கார் எங்க முட்டிக்கிச்சு?" என்றார், துணியில் கை துடைத்துக்கொண்டே.

"கார் நல்லா இருக்குண்ணே. ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். அலுமினிய உடம்புள்ள கார் வந்தா செய்வீங்களா?"

"கதவு, முன்மூடின்னா மாத்திக் குடுப்பேன். உள் எலும்பு வளைஞ்சிருந்தா தொட மாட்டேன். கம்பெனிக்கே அனுப்பிடுவேன்."

"உங்க அனுபவத்துக்கு அது முடியாதா?"

சிரித்தார். "இரும்பு நம்ம பேச்சக் கேக்கும் தங்கச்சி. சூடு காட்டினா செவக்கும். 'போதும்'னு நமக்கே தெரியும். அலுமினியம் நெறம் மாறாது. ஒண்ணுமே ஆகலன்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஓட்டையா விழுந்துடும்."

"அப்ப ரிவெட் மெஷின் வாங்கிடலாமே?"

"மெஷின் மட்டும் வாங்கி என்ன செய்யறது? தனி எடம் வேணும். சுத்தியல், கிரைண்டர் எல்லாம் தனியா வேணும். இரும்புத் தூள் அதுல பட்டுச்சுன்னா பின்னாடி அரிச்சுடும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. கார் நிறுவனங்கள் அலுமினிய வேலைக்குத் தனி அறையும் தனிக் கருவிகளும் கேட்பது இதனால்தான். அலுமினியத் தூள் காற்றில் அடர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும் அபாயமும் உண்டு. பழுதுபார்க்கும் முறையும் வேறு. பழைய ரிவெட்டைத் தள்ளி எடுக்க வேண்டும். பழைய பசையைச் சுத்தமாக நீக்க வேண்டும். முழுக் காரையும் 180 டிகிரி அடுப்பில் வைக்க முடியாது என்பதால், இரண்டு திரவம் கலந்து அறைச் சூட்டிலேயே இறுகும் வேறு வகைப் பசையைப் போட வேண்டும். எங்கே எந்த ரிவெட், எந்தப் பசை, எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். இத்தனைக்கும் செலவு கூடத்தான் செய்யும். அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம், அலுமினிய எஃப்-150 பிக்-அப்பையும் முந்தைய எஃகு மாடலையும் 2015இல் மெதுவேகத்தில் மோதிப் பார்த்தது. அலுமினிய வண்டியைச் சரி செய்ய 26 விழுக்காடு கூடுதல் செலவானது.

"செலவு ஜாஸ்தின்னு சொன்னா கஸ்டமர் என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"'அண்ணே, வெல்டிங் வெச்சு முடிச்சுடுங்க, பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்'பாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாதுதான் தங்கச்சி. அடுத்த தடவ மோதும்போது காருக்குத் தெரியும்."

எஸ்.பி.எம். முடித்த அவருடைய மகன் வாகனத் தொழில்திறன் பயிற்சிக்குப் போகிறானாம். "வெல்டிங்க விட்டுடாத, ஆனா அது ஒண்ண மட்டும் நம்பாத. பசை, ரிவெட்டு எல்லாம் கத்துக்கிட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடுன்னு சொல்லியிருக்கேன்" என்றார். பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர். தொழில் கைமாறும் நேரத்தில் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லும் தந்தைகள்தான் வேண்டும்.

டெக்சஸ் சொல்லும் பாடம்

இணைப்பு முறையைப் பட்டறை தன் விருப்பப்படி மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. இதில் நடந்தது தலைகீழ். வெல்டிங் செய்ய வேண்டிய இடத்தில் பசை போட்டார்கள்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். 2010 மாடல் ஹோண்டா ஃபிட். நம் ஊரில் ஜாஸ் என்று அழைக்கும் அதே கார். ஆலங்கட்டி மழையில் அதன் கூரை நசுங்கியது. டல்லாஸ் நகரில் ஒரு பட்டறை புதிய கூரையை மாற்றியது. தயாரிப்பாளரின் கையேட்டின்படி அந்தக் கூரையை வெல்டிங் செய்ய வேண்டும். பட்டறை பசையால் ஒட்டிவிட்டது. பிறகு கார் கைமாறியது. 2013இல் ஒரு தம்பதி அதைப் பழைய காராக வாங்கினார்கள். கூரை மாற்றப்பட்டது அவர்களுக்குத் தெரியாது.

அதே ஆண்டு டிசம்பரில் எதிரே வந்த வாகனம் மோதியது. கூரை விடுபட்டது, பயணிகள் கூடு தாங்க வேண்டிய விதத்தில் தாங்கவில்லை, கார் தீப்பிடித்தது. இருவரும் படுகாயமடைந்தார்கள். 2017இல் டல்லாஸ் நீதிமன்றத்தில் ஜூரிகள் கணக்கிட்ட இழப்பீடு சுமார் 4 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலர். அதில் முக்கால் பங்கு, 3 கோடியே 15 லட்சம் டாலர், பட்டறையின் பொறுப்பு என்றார்கள்.

பசை கெட்டது, வெல்டிங் நல்லது என்று இந்த வழக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாகுவாரில் பசை உயிர் காக்கும். அந்த ஃபிட் கூரையில் அதுவே உயிருக்கு உலை வைத்தது. மோதலின் விசை எந்த வழியாக ஓடி எங்கே அடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வோர் இணைப்பையும் வடிவமைக்கிறார்கள். ஒட்டச் சொன்ன இடத்தில் உருக்குவதும் தவறு. உருக்கச் சொன்ன இடத்தில் ஒட்டுவதும் தவறு.

உங்கள் காரிலும் ஒரு பசை இருக்கிறது

"என் காரோ பழைய எஃகுக் கார், எனக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறீர்களா? உங்கள் முன்கண்ணாடியைப் பாருங்கள். இன்றைய கார்களில் அது பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டது. மழையைத் தடுப்பது மட்டும் அதன் வேலை இல்லை. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து இருக்கையின் காற்றுப் பை விரியும்போது முன்கண்ணாடியில் சாய்ந்துகொண்டுதான் பயணியைப் பிடிக்கிறது. பசை இறுகாமல் இருந்தால் கண்ணாடி பெயர்ந்து, காற்றுப் பை வெளியே போய்விடக்கூடும்.

கல் பட்டு உடைந்த கண்ணாடியை மாற்றியதும், "வேலை முடிஞ்சுது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பசைக்கு எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம்?" அந்த நேரம் பசைக்குப் பசை மாறும், பசையைத் தயாரித்த நிறுவனம் அதைக் குறிப்பிட்டிருக்கும். அதுவரை பக்கத்துக் கடையில் ஒரு தே தாரேக் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

என்ன கேட்க வேண்டும்?

புதுக் கார் வாங்கும்போது விற்பனையாளரிடம், "உடலில் அலுமினியம் எங்கே இருக்கிறது? அடிபட்டால் இந்த நாட்டில் எந்தப் பட்டறை சரி செய்யும்?" என்று கேளுங்கள். அந்தப் பட்டறை உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விபத்து நடந்து, இழுவை லாரி வந்து நிற்கும்போது இதையெல்லாம் விசாரிக்க முடியாது.

கார் அடிபட்டால் பட்டறையில், "தயாரிப்பாளரின் கையேட்டின்படியா செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உள்பாகம் மாற்றப்படுகிறது என்றால், மூடிச் சாயம் பூசும் முன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான பட்டறை இதற்குக் கோபித்துக்கொள்ளாது. எஃகுக் காருக்கும் இது பொருந்தும். இன்றைய கார்களில் பயணியைச் சுற்றியிருக்கும் சில சட்டங்கள் மிக உயர்ந்த வலிமையுள்ள எஃகு. அவற்றைச் சூடேற்றி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது.

பழைய கார் வாங்கும்போது பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் சோதனையோடு நின்றுவிடாதீர்கள். அந்தச் சோதனைக்கு அதற்கான வேலை இருக்கிறது. கூரைத் தகடு உள்ளே எப்படிப் பிடித்திருக்கிறது என்று யாரும் அங்கே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். விபத்து வரலாறு, பழுதுபார்த்த ரசீது, எங்கே செய்தது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் யோசியுங்கள்.

உங்கள் காருக்கு வேலை பார்த்த ரசீதுகளையும் படங்களையும் ஒரு கோப்பில் போட்டு, சாலை வரிச் சான்றோடு பத்திரப்படுத்தி வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தக் கோப்பையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள். டெக்சஸ் தம்பதிக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால், அவர்கள் அந்தக் காரில் ஏறாமலே இருந்திருப்பார்கள்.